எரிமலைத் தபால்தலைகள் காய்ந்த தரை

உன் வீட்டுத் தரைக்கு அடியில் நெருப்பு எரிகிறது. அது உனக்குத் தெரியும். கட்டும்போது அணைந்துவிட்டது என்று நீ நம்பியிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. இப்போது தெரியும். தெரிந்துகொண்டே வருகிற ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டித் தாய்வீட்டிலிருந்து அனிதாவையும் உன் குழந்தையையும் ரயிலேற்றிக் கூட்டி வந்து அந்தத் தரைமேல் இறக்கிவிடப் போகிறாய். இதைப் போனில் சொல்லப் பார்த்தேன். "அம்மா, டூட்டில கீறேன், அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். மெசேஜ் போட்டேன். படித்ததற்கு நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. நான் பேச ஆரம்பித்தால் கத்துவேன் என்பது உண்மைதான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்தில் நான் கத்த முடியாது, நீயும் நடுவில் வைத்துவிட்டுப் போக முடியாது.

என் தபால்தலைகளிலிருந்து ஆரம்பிக்கிறேன். சிரிக்காதே. இந்த விஷயம் எனக்குத் தெரிந்ததே அவற்றால்தான். நீ பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருஷம் நான் ஒரகடத்தில் அந்த உயரமான அபார்ட்மென்டில் ஹவுஸ்கீப்பிங்கில் இருந்தேன். வெளிநாட்டு இன்ஜினியர்கள் குடும்பத்தோடு இருக்கிற கட்டிடம். எட்டாவது மாடியில் ஒரு ஜப்பான்காரம்மா. வாட்ச்மேனிலிருந்து எல்லாருக்கும் அவர் 'மேடம்'தான். அவருக்கு ஊரிலிருந்து அம்மா எழுதும் கடிதம் வரும். குப்பைக்கூடையைக் காலி செய்யும்போது ஒரு உறையைப் பார்த்தேன். மூலையில் ஒரு சின்ன மலை. நுனியில் புகை. இந்தப் பக்கத்தில் தரை எல்லாம் தட்டை. நான் பார்த்த உயரம் என்றால் செங்கல் சூளைப் புகைக்கூண்டு, அப்புறம் கம்பெனிக் கட்டிடம். மலை புகைவதை நான் பார்த்ததில்லை. அதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவருக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. இரண்டு உள்ளங்கையையும் கூப்பி, பிறகு மேலே பார்க்க விரித்து, விரல்களை உதறிக் காட்டினார். எரிமலை. அப்புறம் அந்த மலையின் அடிவாரத்தில் விரலை வைத்து, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். என் வீடு இங்கே.

நான் நம்பவில்லை. போனில் படம் காட்டினார். மலை புகைகிறது. அதன் கீழே தெரு, கடை, பள்ளிக்கூடம். பிள்ளைகள் தலையில் மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போகிறார்கள். சாம்பல் விழும் நாளில் குடை பிடித்துக்கொண்டு கடைக்குப் போவாராம். விழுந்த சாம்பலைப் பையில் கட்டி வாசலில் வைத்தால் முனிசிபாலிட்டி வண்டி வந்து எடுத்துப் போகுமாம். பெருக்குவதை நடித்துக் காட்டிவிட்டுச் சிரித்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னபோது நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. "அவ்ளோ காசு இருந்தும் லூசுங்க எதுக்குமா அங்க போயி குந்திகினு கீதுங்க?" அந்தக் கேள்விதான் என்னைச் சேர்க்க வைத்தது. எரிகிற இடத்தில் எதற்காக மனுஷன் உட்கார்ந்திருக்கிறான்.

அதற்குப் பிறகு என் ஓய்வு நாள் எல்லாம் அதிலேயே போனது. ஸ்ரீபெரும்புதூர் பழைய பேப்பர் கடையில் மூட்டையைக் கிளறினேன். பாரிமுனைப் பக்கம் ஒரு சின்னக் கடை இருப்பது தெரிந்து, பஸ் பிடித்துப் போனேன். கடைக்காரர் என் பழைய புடவையைப் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா, பையனுக்கா?" என்றார். எனக்குத்தான் என்றேன். "பூ, பறவை, ராஜா ராணி எல்லாம் இருக்கே, உங்களுக்கு எரிமலை மட்டும்தானா?" என்றார். எரிமலை மட்டும்தான். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஈக்வடார், ஐஸ்லாந்து, இத்தாலி. ஒரு நாட்டுக்காரன் மலையைக் கூம்பு மாதிரி வழவழப்பாக வரைகிறான். வேறொருவன் இரவில் சிவப்பாக வழிவதை வரைகிறான். எல்லாவற்றையும் லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். நுனியைப் பார்க்க மாட்டேன், அடியைப் பார்ப்பேன். வீடு வரைந்திருக்கிறானா, ஆள் வரைந்திருக்கிறானா என்று. அநேகமாக இருக்காது. மலை அழகு, நெருப்பு அழகு, கீழே வெறும் பச்சை. ஒரே ஒரு பழைய தபால்தலையில் அடிவாரத்தில் அரிசி மணி அளவுக்கு ஒரு மாட்டுவண்டி இருந்தது. வண்டிக்காரன் மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அரசாங்கம் எந்த நாட்டில் இருந்தாலும் படத்தில் ஆளை விட்டுவிடும் என்று அன்றைக்குப் புரிந்தது. யாராவது உனக்கு அழகான படம் ஒன்றைக் காட்டினால் அடிப்பகுதியைப் பார். மனை விற்கிறவன் கொடுக்கிற நோட்டீஸையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உன் மேல் எனக்கு இருக்கும் கோபத்தைவிட உன்னை அங்கே கொண்டு நிறுத்தியவர்கள் மேல் இருக்கும் கோபம் பெரிது. அதையும் எழுதிவிடுகிறேன். வல்லம் வடகாலில் உன் அப்பா வீட்டு நிலம் கம்பெனி எஸ்டேட்டுக்குப் போனபோது நான் அழவில்லை. வெயிலில் குனிந்து நாற்று நட்டவளுக்கு அதில் அழ ஒன்றும் கிடையாது. பிள்ளைக்குக் கம்பெனி வேலை என்றார்கள், அது போதும் என்று நினைத்தேன். நீ டிப்ளமோ முடித்து, அதே மண்ணில் எழும்பிய கம்பெனிக்குள் ட்ரெய்னியாகப் போனாய். லைனில் நின்றாய், ஓ.டி. பார்த்தாய், பர்மனென்ட் ஆக்குவார்கள் என்று காத்திருந்தாய். பயிற்சிக் காலம் முடிந்தது, நன்றி என்று ஒரு காகிதம் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். அடுத்த வாரமே உன் இடத்தில் திருநெல்வேலியிலிருந்து ஒரு பையன் வந்து நின்றான். அவனுக்கும் அதே பயிற்சி, அதே காகிதம். உன் அப்பா அப்போது உயிரோடு இல்லை. அந்தச் சமயத்தில் கழிவு ஏற்றுகிற கான்ட்ராக்டர் உன்னை சைட் சூப்பர்வைசர் என்று சேர்த்துக்கொண்டார். பைக் கொடுத்தார், போன் கொடுத்தார். நான் அவரைத் தெய்வம் என்று சொன்னேன். சொன்னவள் நான்தான், ஒளிக்கவில்லை.

படப்பையிலிருந்து உள்ளே போகிற சாலையில் ஒரு பழைய கல்குவாரிப் பள்ளம். டிப்பர்கள் அங்கே போய்ப் போய் வந்தன. எண்ணெய் துடைத்த பஞ்சு, ஃபோம், ரப்பர் வெட்டு, பெயின்ட் அடித்த அறையின் சகதி. முறையாகப் போக வேண்டிய இடம் வேறு எங்கோ தூரத்தில் இருந்தது. டீசல் யார் போடுவது? கம்பெனி வாசலில் மரக்கன்று நடும் விழா நடத்திப் பலகை வைத்துக்கொண்டது. பின்வாசல் வழியாகக் கழிவை அனுப்பிவிட்டு, அது எங்கே போகிறது என்று கேட்காமல் இருந்தது. கேட்காமல் இருப்பதற்குத்தான் கான்ட்ராக்டர். ஒரு கோடையில் அந்தப் பள்ளம் புகைந்தது. நீ சட்டையெல்லாம் கருகல் வாசனையோடு வந்தாய். "லாரி தண்ணி வுட்டோம்மா, நிக்கல. அப்பறம் மண்ணு கொட்டி மூடிட்டோம். காத்து போவலன்னா தானா அணைஞ்சிரும்." அப்படியே சாப்பிட உட்கார்ந்தாய். நான் குழம்பு ஊற்றினேன். ஊர் வாயை மூடியது, பஞ்சாயத்து வாயை மூடியது, மண் புகையை மூடியது. அதன்மேல் இன்னும் மண், அதன்மேல் கிராவல் சாலை, கல் நட்டு, பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு வளைவு. பள்ளம் நகர் ஆகிவிட்டது. அப்ரூவல் எப்படி வந்தது என்று நான் கேட்கப்போவதில்லை, அதைச் சொல்ல உனக்கே தைரியம் இருக்காது. மூலை மனையைக் கான்ட்ராக்டர் உனக்குச் சகாய விலையில் கொடுத்தார். நீ நன்றியோடு, கூட வேலை பார்த்தவர்களையும் அனிதாவின் கம்பெனி ஹாஸ்டல் தோழிகளையும் கூட்டி வந்து மற்ற மனைகளைக் காட்டினாய்.

மழைக்காலத்தில் அனிதாவுக்கு மாசம் ஐந்தாகியும் வாந்தி நிற்கவில்லை என்று கூப்பிட்டாய். என் பென்னலூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து உங்களோடு இருந்தேன். ஆல்பத்தையும் ஒரு பை உறைகளையும் கொண்டு வந்திருந்தேன். தபால்தலையை உறையிலிருந்து பிய்க்கக் கூடாது என்று உனக்குத் தெரியும். சுற்றிலும் காகிதம் விட்டு வெட்டி, தட்டில் தண்ணீர் ஊற்றி மிதக்க விட வேண்டும். பசை இளகினால் அது தானாக நழுவி வரும். முகம் கீழே பார்க்கும்படி பழைய துண்டில் பரப்பிக் காய வைக்க வேண்டும். பென்னலூரில் ஐப்பசி மழையில் அவை ராத்திரி முழுக்கவும் மறுநாள் பாதியும் எடுக்கும். உன் வீட்டுப் பின்னறையில், ஜன்னல் ஓரத்துத் தரையில் துண்டைப் போட்டுப் பரப்பிவிட்டு அனிதாவுக்குக் கஞ்சி வைக்கப் போனேன். கஞ்சி கொதித்து வருவதற்குள் திரும்பிப் பார்த்தால் எல்லாம் காய்ந்து, ஓரம் சுருண்டு, வெற்றிலைச் சுருள் மாதிரிக் கிடந்தன. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஃபேன் ஓடவில்லை. துண்டைத் தூக்கித் தரையில் கையை வைத்தேன். காய்ச்சல் வந்த பிள்ளையின் முதுகு மாதிரி இருந்தது.

எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. அதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எரிமலையைப் பற்றி இத்தனை வருஷம் சேர்த்தவள், காலடியில் சூடு தட்டியதும் வசதியாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் சுருளாமல் இருக்கத் துண்டை நான்காக மடித்துப் போட்டேன். அனிதா அதைவிட ஒரு படி மேலே போனாள். துவைத்த துணியை எல்லாம் பின்னறைத் தரையில் விரித்தாள். "அத்தே, எங்கூருல மழைன்னா துணி நாறிரும்லா. இங்க பாருங்க, மொறுமொறுன்னு இருக்கு. உங்க மவன் ராசியான மனையாத்தான் வாங்கிருக்காவ" என்று சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தச் சூட்டில் உட்கார்ந்தாள். இடுப்பு வலிக்கு நன்றாக இருக்கிறது என்றாள். நான் அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். இரண்டு பேரும் அந்த நெருப்பின் மேல் உட்கார்ந்து பிள்ளைக்குப் பெயர் பேசினோம்.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கியது. உன் வீட்டில் எறும்பு இல்லை. சர்க்கரை டப்பாவைத் திறந்தே வைத்துப் பார்த்தேன். சமையல் மேடைக்குக் கீழே வெல்லத்தைப் போட்டு விட்டுவிட்டேன். மூன்றாம் நாளும் வெல்லம் வெல்லமாகவே, கொஞ்சம் இளகி, தரையோடு ஒட்டிக் கிடந்தது. புது வீட்டில் எறும்பு இல்லாமல் நான் பார்த்ததில்லை. போர் தண்ணீர் காலையில் வெதுவெதுப்பாக வந்தது. பக்கத்துக் காலி மனையில் மழை விட்டதும் தரையிலிருந்து ஆவி எழும். ஒரு இடத்தில் இல்லை, நீட்டமாக, யாரோ கோடு போட்ட மாதிரி. எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலில் நின்று பார்ப்பார்கள். நான் பார்ப்பது தெரிந்தால் உள்ளே போய்விடுவார்கள். காலையில் தெருவில் ஆறு வீட்டுப் பெண்களும் தலையில் துணி கட்டியிருந்தார்கள். தலைவலி. நைட் ஷிப்ட் போகிறவள் நைட் ஷிப்ட்தான் காரணம் என்றாள். போகாதவள் செல்போன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய் வந்தால் சரியாகிவிடுகிறது என்றாள் மூன்றாவது வீட்டு ரோசி. கோயில் படப்பையில் இருக்கிறது, அவ்வளவு நேரம் இந்த வீட்டுக்கு வெளியில் இருக்கிறாள் என்பதுதான் விஷயம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ரோசியின் கோழி அந்தக் காலி மனையில் முட்டை இட்டு வந்தது. ஒருநாள் தெருநாய் கோழியைத் தூக்கிப் போய்விட்டது. முட்டையை எல்லாரும் மறந்துவிட்டோம். சில வாரம் கழித்து, மழை இல்லாத ஒரு பகலில், குட்டிச் சுவருக்குப் பின்னாலிருந்து குஞ்சுகள் நடந்து வந்தன. அடைகாத்த கோழி இல்லை. கூப்பிட்ட கோழி இல்லை. அவை பாட்டுக்கு வரிசையாக, அந்த ஆவி எழும் கோட்டை ஒட்டி நடந்து வந்தன. தெருவே வந்து நின்று பார்த்தது. ரோசி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "கரண்ட் பில்லே இல்லாத இன்குபேட்டர்டி. இத்தப் போயி ஊருக்குள்ள சொல்லிடாதீங்க, வாடகை கேப்பானுங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் எங்கோ படித்திருந்தேன், இந்தோனேசியாவில் ஒரு பறவை எரிமலைச் சூட்டு மண்ணில் முட்டையைப் புதைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுமாம். அந்தச் சிரிப்புக்கு நடுவில் எனக்கு அது ஞாபகம் வந்தது.

அந்தக் குஞ்சுகள் எப்படிச் செத்தன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீயே வந்து பார்த்தாய். உன் வீட்டுச் சுவரை ஒட்டித் தரை கொஞ்சம் தாழ்ந்திருக்கும் இடம். காற்று அசையாத காலை. எல்லாக் குஞ்சும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடந்தன. ஒரு இறகு கலையவில்லை. காயம் இல்லை. தூங்குகிற மாதிரி. ரோசியின் நாய் அவற்றுக்கு நடுவில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. "இன்னாடா இது, மருந்து கிருந்து எவனாச்சும் வெச்சானா?" என்று ரோசி உன்னைக் கேட்டாள். நீ நாயைப் பார்த்தாய், குஞ்சுகளைப் பார்த்தாய், மறுபடி நாயைப் பார்த்தாய். எனக்கு அந்த ஜப்பான்காரம்மா ஒருமுறை காட்டியது நினைவுக்கு வந்தது. மலைப் பக்கம் நடக்கும்போது பள்ளமான இடத்தில் உட்காரக் கூடாது என்பதற்கு, நேராக நின்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார், பிறகு குந்தி உட்கார்ந்து கையைக் குறுக்கே வெட்டினார். நின்றால் ஒன்றும் இல்லை. குனிந்தால் முடிந்தது. நீயும் ட்ரெய்னியாக இருந்தபோது பாதுகாப்பு வகுப்பில் இதைத்தான் படித்து வந்து எனக்குச் சொன்னாய். வாசனையே இல்லாத வாயு உண்டு, தொட்டிக்குள் இறங்குகிறவன் இருமக்கூட நேரம் இல்லாமல் விழுவான் என்று. அன்று அந்த நாயின் உயரத்தை நீ கண்ணால் அளந்ததை நான் பார்த்தேன்.

அன்று மத்தியானம் உன்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டேன். "தரையத் தொடு" என்றேன்.

"இன்னாமா இப்போ? வெயில் சூடு."

"மழை பேஞ்சி நாலு நாள்தான் ஆவுது. எங்கடா வெயிலு?"

"அப்போ எர்த் லீக்கா இருக்கும். எலக்ட்ரீஷியன இட்டாறேன்."

"குழில போட்டு மூடுனது அணைஞ்சிதா இல்லியா, அத மட்டும் சொல்லு."

நீ உட்கார்ந்து உள்ளங்கையை வைத்தாய். சூடு தெரிகிற அளவுக்குக்கூட வைக்கவில்லை, உடனே எடுத்தாய். பிறகு குரலைத் தாழ்த்தினாய். "மா, இந்தத் தெருவுல பாதி பேரு நான் சொல்லி வாங்கினவங்க. இப்போ வாயத் தொறந்தா இன்னா ஆவும்னு தெரியுமா? என்னைய இங்கியே பொதைச்சிருவாங்க. நீ உன் ஸ்டாம்ப எடுத்துகினு பென்னலூரு போ." சமையலறையிலிருந்து அனிதா, "என்னத்தே, ரெண்டு பேரும் ரகசியம்?" என்று கேட்டாள். நீ, "ஒண்ணும் இல்ல, அம்மாக்கு ஊட்டு ஞாபகம் வந்திருச்சி" என்றாய். நான் அதை மறுக்காமல் உறைகளைப் பைக்குள் அடுக்கினேன். அடுத்த வாரம் வளைகாப்பு, வண்டி பேசியாகிவிட்டது. வயிற்றுப்பிள்ளைக்காரியை மிரட்டக் கூடாது, எப்படியும் அம்மா வீட்டுக்குப் போகிறாள், அங்கே பத்திரமாக இருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் போன பிறகு நீ செய்த காரியங்களைப் போன வாரம் வீடு பெருக்க வந்தபோது பார்த்தேன். சாவி என்னிடம் ஒன்று இருப்பதை மறந்துவிட்டாய் போல. பழைய டைல்ஸுக்கு மேல் புது டைல்ஸ் ஒட்டியிருக்கிறாய். தரை உயர்ந்ததால் எல்லாக் கதவின் அடியையும் இழைத்திருக்கிறாய். இழைத்த மரத்தூள் இன்னும் மூலையில் கிடக்கிறது. பின்னறை ஜன்னலுக்குக் கீழே சுவரில் காற்றுப்போக ஓட்டை போட்டு வலை அடித்திருக்கிறாய். குழந்தைக்கு ஸ்டீல் தொட்டில் வாங்கியிருக்கிறாய். அதன் காலுக்கு வெல்டிங்கில் இரும்புக் குழாய் சேர்த்து, தொட்டில் என் நெஞ்சுக்கு வருகிற உயரத்தில் நிற்கிறது. அனிதா குள்ளம். அவள் ஸ்டூல் போட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்தத் தொட்டிலுக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். ஒரு தகப்பன் தன் பிள்ளையைக் காப்பாற்றத் தன் அறிவுக்கு எட்டியதையெல்லாம் செய்திருக்கிறான், அந்த வீட்டை விட்டு வெளியே கூட்டிப் போவதைத் தவிர. நாயின் உயரத்துக்கு மேலே, குஞ்சின் உயரத்துக்கு வெகு மேலே தூக்கி நிறுத்தியிருக்கிறாய். குழந்தை தவழ ஆரம்பித்தால் என்ன செய்வாய்? புது டைல்ஸின் மேல் உள்ளங்கையை வைத்தேன். சூடு வந்துவிட்டது. முதலில் ஒன்றும் தெரியாது, வைத்துக்கொண்டே இருந்தால் அடியிலிருந்து வரும், யாரோ கீழேயிருந்து தானும் கையை வைத்துப் பார்க்கிற மாதிரி.

நீ கெட்டவன் இல்லை. கொளுத்தியவன் நீ இல்லை, கழிவை உண்டாக்கியவன் நீ இல்லை, அப்ரூவலில் கையெழுத்துப் போட்டவன் நீ இல்லை. அவர்கள் யாரும் அந்தத் தெருவில் குடியிருக்கவில்லை. அவர்களுக்கு அது வசதி, உன்னைப் போல ஒருவனை அங்கேயே குடிவைத்துவிட்டால் அவன் வாயைத் திறக்க மாட்டான். எட்டாவது மாடி அம்மாவின் ஊரில் மலை கண்ணுக்கு எதிரில் நிற்கிறது. சங்கு ஊதுகிறார்கள், ஹெல்மெட் கொடுக்கிறார்கள், ஓடுவதற்கு வழி எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெரியும். நம் ஊரில் மலையைக் கவிழ்த்துப் புதைத்து, மேலே பட்டா போட்டு, புகையைப் பார்த்தவனிடமே விற்கிறார்கள். எரிகிற இடத்தில் எதற்காக மனுஷன் உட்கார்ந்திருக்கிறான் என்ற கேள்விக்குப் பதிலை நீ எனக்குக் காட்டிவிட்டாய். வேறு இடம் இல்லாததால் முதலில் உட்காருகிறான். பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சொல்ல வேண்டி வருமே என்ற பயத்தில் எழுந்திருக்காமல் இருக்கிறான்.

புத்தி சொல்வது தாய்க்கு எளிது என்பாய். சரி, நான் செய்யப் போவதைச் சொல்கிறேன். பென்னலூர் வீடு ஒற்றை அறைதான். மேலே ஷீட், வைகாசியில் அதுவும் வேகும். ஆனால் அங்கே சூடு மேலேயிருந்து வருகிறது, சாயங்காலம் போய்விடுகிறது. எறும்பு இருக்கிறது. உங்கள் மூன்று பேருக்கும் இடம் ஒதுக்கிவிட்டேன். நான் டியூட்டிக்குப் போகும் நேரத்தில் ஒருத்தர் தூங்கலாம். கலெக்டர் ஆபீஸுக்கு நீ வர வேண்டாம், நான் மனு எழுதிக்கொண்டு போகிறேன். ரோசி கூட வருவாள், அவளிடம் இன்னும் சொல்லவில்லை, ஆனால் வருவாள். கேட்கிறவர்கள் உன்னைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்காக ராத்திரியெல்லாம் யோசித்துவிட்டேன். நீ ஜெயிலுக்குப் போனால் சோறு கொண்டு வருவேன். அந்தத் தொட்டிலைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி நிற்பது என்னால் ஆகாது.

இன்று காலை அனிதா வீடியோவில் கூப்பிட்டாள். குழந்தை குப்புற விழப் பழகிவிட்டதாம். பாயில் கவிழ்த்துப் போட்டுக் காட்டினாள். அது தலையைத் தூக்கி, போனைப் பார்த்து எச்சில் வடித்தது. "அத்தே, புது வீட்டுத் தரை கதகதன்னு இருக்குமே, பிள்ளைக்குச் சளி பிடிக்காதுல்லா? நான் இவளத் தரையிலதான் விட்டு வளக்கப் போறேன்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நீ அனுப்பிய படத்தைப் பார்த்து, உயரமான தொட்டில் எதற்கு என்று அவள் கேட்டதற்கு, பூனை ஏறாமல் இருக்க என்று நீ சொன்னாயாம். நம்பிவிட்டாள்.

இந்தக் கடிதத்தை முதலில் உனக்கு மட்டும் அனுப்புகிறேன். உங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் அனிதா என்னையும் சேர்த்திருக்கிறாள். ரோசி அதில் இருக்கிறாள், ஆறு வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள், அனிதா இருக்கிறாள். அவள் இதை அங்கே படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. கட்டினவன் வாயால் தெரிந்துகொள்ள வேண்டும். நீ சொல்லிவிட்டால் இதை வேறு யாரும் படிக்க வேண்டியதில்லை, மற்றதை நாம் மூன்று பேரும் சேர்ந்து பேசிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை அவள் ரயிலில் கால் வைக்கும் வரைக்கும் பொறுத்திருப்பேன், அதற்குள் நீ சொல்லாவிட்டால் இதை அந்தக் குழுவில் போட்டுவிடுவேன். சாக்கு வேண்டாம், டைல்ஸ் கதை வேண்டாம், டூட்டி வேண்டாம். அவளைக் கூப்பிட்டு, அந்தத் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சொல். சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரே ஒரு வரி போடு.